வண்டிக்குக் கண் விற்போர்



இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள், வேம்பார்க் கடற்கரையில் வாழும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் ஒருவன் பேசத்தக்கதுதானா என்று உங்களுள் சிலர் ஐயுறக்கூடும். சீன நாட்டில் விற்பனையாகும் மோட்டார்க் கார்களுக்கு ஓட்டுநர் துணைக்கருவிகளைச் செய்து கொடுப்பதில், அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கும் அந்நாட்டுக் கம்பெனிகளுக்கும் இடையே நடைபெற்று வரும் போட்டியே அப்பொருள். சீனம் எங்கே, வேம்பார் எங்கே என்று கேட்கலாம். தூத்துக்குடியை அடுத்த சில்லாநத்தத்தில் வியட்நாம் நாட்டு வின்பாஸ்ட் கம்பெனியார் 2025 ஆகஸ்டு 4ஆம் நாள் மின்சாரக் கார்த் தொழிற்சாலை ஒன்றைத் திறந்தனர். அன்று முதல் இச்செய்தி நமக்கு அயலார் வீட்டுச் செய்தி அன்று. நம் மாவட்டத்துப் பிள்ளைகளின் பிழைப்பும் அறிவு வளர்ச்சியும் இதனோடு பிணைந்துள்ளன. ஆகவே சற்றுப் பொறுமையுடன் கேட்குமாறு வேண்டுகிறேன்.

முதலில், ஓட்டுநர் துணைக்கருவி என்பது யாது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் அது எளிதில் விளங்கும். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 20 மீட்டர் கடக்கிறது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பேற்றிய லாரி ஒன்று முன்னே சென்று, சட்டென்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். பின்னே வரும் கார் ஓட்டுநர் அதைக் கண்டு, கருத்தில் வாங்கி, காலைப் பிரேக்கின்மேல் வைப்பதற்கு ஒன்றரை விநாடி ஆகிறது. அதற்குள் கார் 30 மீட்டர் ஓடிவிடும். பிரேக்குப் பிடித்தபின், காய்ந்த நல்ல சாலையிலும் மேலும் ஏறத்தாழ 30 மீட்டர் சென்றே நிற்கும். ஆக 60 மீட்டர். இடையில் ஒரு கருவி லாரியைக் கண்டு அரை விநாடியில் தானே பிரேக்கை அழுத்துமாயின், முதற்பகுதி 10 மீட்டராகக் குறையும். கார் 40 மீட்டரில் நிற்கும். மிஞ்சிய 20 மீட்டரில் ஓர் உயிர் பிழைத்துவிடும்.

அக்கருவிக்குக் கண்ணும் வேண்டும், கருத்தும் வேண்டும். கண்கள் நால்வகை. சாலைக் கோட்டையும் ஆளையும் அடையாளம் காண்பது கேமரா. மழையிலும் இருளிலும் தொலைவையும் வேகத்தையும் அளப்பது ராடார். ஒளிக்கதிரை வீசி எதிரே உள்ள பொருளின் உருவத்தை அளந்து காட்டுவது லைடார். காரை நிறுத்தும்பொழுது அருகிலுள்ள சுவரை அறிவிப்பது, நம் செவிக்கு எட்டாத ஒலியைக்கொண்டு இயங்கும் சிறு உணர்கருவி. இவை கொண்டுவரும் செய்திகளையெல்லாம் ஒன்றுகூட்டி முடிவு செய்வது, உள்ளே இருக்கும் கணிப்பொறிச் சில்லும் அதில் எழுதப்பட்ட மென்பொருளும் ஆகும். சுருங்கச் சொன்னால், இன்று நான் பேசுவது வண்டிக்குக் கண்ணையும் கருத்தையும் விற்போரைப் பற்றியாகும்.

இவ்வணிகத்தில் நெடுங்காலம் ஆசான்களாக விளங்கியவர்கள் ஐரோப்பியரும் ஜப்பானியருமே. 1886இல் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கப்பெற்ற போஷ் கம்பெனியார், 1978இல் சக்கரம் வழுக்காது பிடிக்கும் பிரேக்கை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1995இல் வளைவில் கார் நிலைதடுமாறாது காக்கும் அமைப்பையும் அளித்தனர். 1871இல் ஹனோவரில் பிறந்த காண்டினென்டல், 1915இல் தோன்றிய இசட்.எஃப்., பிரான்சின் வலேயோ, ஜப்பானின் டென்சோ ஆகியனவும் அவ்வரிசையில் நின்றன. 1999இல் ஜெருசலேமில் தோன்றிய மொபில்ஐ என்னும் கம்பெனி, கேமராவை முதன்மையாகக் கொண்டே சாலையைப் படிக்கலாம் என்று காட்டியது. 2017இல் அமெரிக்க இன்டெல் கம்பெனி 1500 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அதனை விலைக்கு வாங்கிற்று என்றால், அவ்வித்தையின் மதிப்பை நீங்களே உய்த்துணரலாம்.

இவர்களெல்லாரும் சீனத்தை நாடிச் சென்றதில் வியப்பில்லை. 2024ஆம் ஆண்டில் மட்டும் சீனத்தில் 3 கோடிக்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகள் உற்பத்தியாயின. நம் நாட்டில் 2024-25 நிதியாண்டில் விற்பனையான பயணியர் கார் வகைகள் ஏறத்தாழ 43 இலட்சம் என்பதை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அத்துணைப் பெரிய சந்தையில், தொடக்கத்தில் அயல்நாட்டார் சொன்னதே விலை, கொடுத்ததே பொருள் என்னும் நிலை இருந்தது. அவர்கள் மூடி முத்திரையிட்ட பெட்டியாகக் கருவியைக் கொடுத்தனர். உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைக் கார் செய்வோர் அறியார்.

அந்நிலை பத்தாண்டுகளுக்குள் மாறிவிட்டது. 2015இல் பெய்ஜிங்கில் ஹொரைசன் ரோபாட்டிக்ஸ் என்னும் சில்லுக் கம்பெனி தோன்றியது. 2016இல் மொமென்டா என்னும் மென்பொருட் கம்பெனி தோன்றியது. லைடார் செய்வதில் ஹெசாய், ரோபோசென்ஸ் என்னும் இரு சீனக் கம்பெனிகள் உலகின் முன்னணிக்கு வந்தன. ஹுவாவே கம்பெனியும் இத்துறையில் இறங்கிற்று. இன்று கடைத்தெருவில் குரல் ஓங்கியிருப்பது இவர்களுடையதே.

இம்மாற்றத்திற்குக் காரணம் யாது? மலிவு ஒன்றே காரணம் என்று கூறுவோர் உளர். அது முழு உண்மையாகாது. நான் அறிந்த அளவில் காரணங்கள் மூன்று.

முதலாவது, சாலை. ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் பழகிய கருவிக்குச் சீன நகரத்துத் தெரு புரிவதில்லை. அங்கே உணவுப் பொட்டலம் சுமந்த மின்சார ஸ்கூட்டர்கள் நான்கு திசையினின்றும் வரும். மூன்று சக்கர வண்டி எதிர்த்திசையில் வரும். இவற்றையெல்லாம் நாள்தோறும் கண்டு பழகிய கண்ணே அங்குச் செல்லுபடியாகும்.

இரண்டாவது, வேகம். ஐரோப்பியர் ஒரு காரை வகுத்து வெளியிட நான்கைந்து ஆண்டுகள் எடுத்துக்கொள்வது வழக்கம். சீனர் அதை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் முடிக்கின்றனர். மேலும், விற்ற காரின் மென்பொருளை வீட்டில் நிற்கும்பொழுதே வான்வழியாகத் திருத்திக்கொண்டே இருக்கின்றனர். மூடிய பெட்டியை விற்போரால் இவ்வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலவில்லை.

மூன்றாவது, சட்டம். கார்கள் திரட்டும் சாலைச் செய்திகளைப் பற்றிய விதிகளைச் சீன அரசு 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்தது. முக்கியமான செய்திகளை நாட்டுக்குள்ளேயே வைத்திருத்தல் வேண்டும். நுண்ணிய நிலப்படம் எடுப்பதற்கும் தனி உரிமம் வேண்டும். எனவே அங்கே கற்றதை அங்கேயே வைத்து, அந்நாட்டாரைத் துணைக்கொண்டே தொழில் செய்யவேண்டியதாயிற்று.

இந்நிலையில் அயல்நாட்டுக் கம்பெனிகள் யாது செய்தன? இதுவே நாம் ஊன்றிக் கவனிக்கற்பாலது. பலர் நேற்றைய மாணாக்கனோடு கூட்டுச் சேர்ந்தனர். போஷ் கம்பெனியார் வீரைடு என்னும் சீனக் கம்பெனியோடு சேர்ந்து உருவாக்கிய அமைப்பு, 2024இல் செரி கம்பெனியின் கார்களில் இடம்பெற்றது. காண்டினென்டல், ஹொரைசனோடு கூட்டுக் கம்பெனி அமைத்தது. கார் செய்வோரும் அவ்வழியே சென்றனர். வோக்ஸ்வாகன் 2022இல் ஹொரைசனோடு கூட்டுத்தொழில் தொடங்க 240 கோடி யூரோ ஒதுக்குவதாக அறிவித்தது. மறு ஆண்டு எக்ஸ்பெங் என்னும் சீனக் கார்க் கம்பெனியில் 70 கோடி டாலர் முதலீடு செய்ய உடன்பட்டது. டொயோட்டா தன் சீனக் கூட்டாளியோடு 2025 மார்ச்சில் வெளியிட்ட மின்சாரக் காரில் மொமென்டாவின் துணைக்கருவி பொருத்தப்பட்டது. ஒரு காலத்தில் கொடுத்த கை, இன்று வாங்கும் கையாயிற்று.

எல்லாருக்கும் கூட்டு வாய்த்துவிடவில்லை. மொபில்ஐ கருவியோடு 2021இல் வெளிவந்த சீக்கர் காரின் உற்பத்தியாளர், சில ஆண்டுகளில் தமக்கென ஓர் அமைப்பைத் தாமே செய்துகொண்டனர். இதன் விளைவு தொலைவிலுள்ள ஊர்களில் உணரப்படுகிறது. 2025 செப்டம்பரில் போஷ் கம்பெனியார், தம் மோட்டார்ப் பிரிவில் மேலும் ஏறத்தாழ 13,000 வேலைகளைக் குறைக்கப்போவதாக அறிவித்தனர். குறைப்பு பெரும்பாலும் ஜெர்மனியிலேயே. மின்சாரக் கார் பரவுவதில் தாழ்வு, விலைப் போட்டி எனக் காரணங்கள் பல உண்டு. சீனப் போட்டியும் அவற்றுள் ஒன்று. தந்தையும் மகனுமாக ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்த குடும்பங்கள் அங்கே உண்டு. அவர்களுடைய கைத்திறன் குறைந்துவிடவில்லை. உலகம் வேண்டும் திறன் வேறாகிவிட்டது.

நேயர்களே, இவ்விடத்தில் நம் கடற்கரைக்காரர்க்கு ஒரு பழைய நினைவு வருதல் இயல்பு. முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற கரை இது. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டணம், திருச்செந்தூர், மணப்பாடு என ஏழு ஊர்களைச் சேர்த்துச் சொல்லுவது பரதவர் வழக்கம். போர்த்துக்கீசியர் வந்தனர், 1658இல் டச்சுக்காரர் வந்தனர், பின்னர் ஆங்கிலேயர் வந்தனர். முத்தின் வருவாய் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிற்றே ஒழிய, மூச்சை அடக்கிக் கடலடியில் இறங்குவோன் மட்டும் மாறவில்லை. அவன் திறமைக்கு மாற்று எங்கும் இருக்கவில்லை. ஆனால் 1893இல் ஜப்பானில் மிக்கிமோட்டோ கோக்கிச்சி என்பவர், சிப்பிக்குள் உறுத்துபொருளை வைத்து அரைக்கோள முத்து ஒன்றை விளைவித்தார். நாற்பது ஆண்டுகளுக்குள் வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிரப்பிற்று. பாரசீக வளைகுடாவிலும் இங்கும் இயற்கை முத்து வாணிகம் தளர்ந்தது. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடைபெற்றது.

கதை அத்துடன் முடியவில்லை என்பதையும் சொல்லவேண்டும். நமக்கு அண்மையிலுள்ள வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1972இல் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கினர். அறிஞர் கே. அழகர்சாமி அவர்கள் 1973இல் உருண்டையான வளர்ப்பு முத்தை நம் மண்ணிலேயே விளைவித்துக் காட்டினார். அறிவு வந்தது; எனினும் எண்பது ஆண்டு தாழ்ந்து வந்தது. சந்தை அதுவரை காத்திருக்குமா? கடலில் இறங்குவோனிடத்தில் குறை ஒன்றுமில்லை. சிப்பியின் உள்ளே நிகழ்வதை ஆராய்ந்து கற்க, உரிய காலத்தில் இக்கரையில் யாரும் ஏற்பாடு செய்யவில்லை என்பதே குறை.

இனி, தமிழர் இத்துறையில் எங்கே நிற்கின்றனர் என்று பார்ப்போம். வண்டியுறுப்புத் தொழிலில் தமிழ்நாடு பின்தங்கிய நாடன்று. நம் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியைச் சேர்ந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் அவர்கள், நூறாண்டுகளுக்கு முன்னர்ப் பஸ் ஓட்டத் தொடங்கினார். அந்தக் குடும்பத்தார் பின்னர் உறுப்புத் தொழிலில் இறங்கினர். 1962இல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றன் கூட்டோடு சுந்தரம்-கிளேட்டன் தொடங்கி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் வேண்டிய காற்றுப் பிரேக்கைச் சென்னையில் செய்யக் கற்றனர். அந்நிறுவனம் தரத்திற்கென வழங்கப்படும் ஜப்பானின் டெமிங் பரிசை 1998இல் பெற்றது. அதன் பிரேக்குப் பிரிவு பின்னர் வாப்கோ கம்பெனியின் கைக்குப் போய், 2020இல் வாப்கோவை இசட்.எஃப். வாங்கியபின் அதனுடையதாயிற்று. உடைமையாளர் மாறினர், சென்னையில் ஊறிய தொழிலறிவு மாறவில்லை. கனரக வண்டிகளுக்கான துணைக்கருவி வேலையும் அவ்வறிவின்மேல் எழும்பியதே.

அயல்நாட்டு உறுப்பு விற்போராகத் தமிழரே சீனத்திற்குச் சென்ற கதையும் உண்டு. சுந்தரம் பாஸனர்ஸ் என்னும் நம் கம்பெனி, 1990களில் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ரேடியேட்டர் மூடிகளைச் சென்னையிலிருந்து செய்தனுப்பிப் பெயர் பெற்றது. அதன்பின், சீனத்தின் செஜியாங் மாகாணத்து ஹையான் என்னும் இடத்தில், போல்ட்டும் நட்டும் செய்யும் தொழிற்சாலையை நிறுவிற்று. 2004இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. ஹையானோ போல்ட்டுத் தொழிலுக்கே பேர்போன வட்டாரம். கொல்லன் தெருவில் ஊசி விற்கச் செல்வதா என்று அஞ்சாது சென்றனர். அந்த ஊரில், அந்த ஊராரைக் கொண்டே செய்தனர். இன்று ஜெர்மானியர் கற்கும் பாடத்தை, ஒரு சிறு பொருளின் அளவில், நம்மவர் இருபது ஆண்டுகளுக்கு முன்னரே கற்றுவிட்டனர் எனலாம்.

ஆயினும் போல்ட்டு வேறு, கண் வேறு. போல்ட்டில் பிழையிருந்தால் அளவுகோல் காட்டிவிடும். கண்ணில் உள்ள பிழையைச் சாலைதான் காட்டும். இங்கேதான் சீனப் போட்டியின் மற்றொரு பக்கத்தை நாம் மறத்தலாகாது. 2025 பிப்ரவரி 10ஆம் நாள் பி.ஒய்.டி. கம்பெனி, தன் துணைக்கருவியை 21 வகைக் கார்களில் பொருத்துவதாக அறிவித்தது. அவற்றுள் மிகச் சிறியதன் அன்றைய விலை 69,800 யுவான். நம் பணத்தில் எட்டு இலட்சம் ரூபாய்க்குச் சற்றே மிகுதி. அதற்குச் சூட்டிய பெயரோ 'இறைவனின் கண்' என்று பொருள்படுவது. செல்வர்க்கு மட்டும் கிடைத்த காவல் எளியவர்க்கும் கிட்டுவது நல்லதே. ஆனால் பெயர் பெரிதாயின் நம்பிக்கையும் அளவு கடந்து போகும்.

அவ்வாண்டு மார்ச் 29ஆம் நாள் இரவு, அன்ஹுய் மாகாணத்து நெடுஞ்சாலையில், துணைக்கருவியின் பொறுப்பில் மணிக்கு 116 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற ஒரு கார், பழுதுபார்க்கும் இடத்தின் தடுப்பை நெருங்கிற்று. கருவி எச்சரித்தது, ஓட்டுநர் கைப்பிடியைப் பற்றினார், இடையே இருந்தவை சில விநாடிகளே. மோதலில் கல்லூரி மாணவியர் மூவர் மாண்டனர். 116 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 32 மீட்டர். நாம் முன்பு போட்ட கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். அடுத்த மாதமே சீனத் தொழில் அமைச்சகத்தார் கார்க் கம்பெனிகளை அழைத்து, 'தானே ஓட்டும்' என்பன போன்ற சொற்களால் விளம்பரம் செய்தல் கூடாது என்று கண்டிப்பாக அறிவித்தனர்.

தானியக்கத்தைப் பூச்சியம் முதல் ஐந்து வரை படிகளாக வகுப்பது உலக வழக்கம். இன்று கடையில் விற்பனையாகும் கார்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டாம் படிக்கு மேற்பட்டவை அல்ல. இரண்டாம் படியில் கருவி துணை மட்டுமே. பொறுப்பு முழுவதும் ஓட்டுநருடையது. முத்துக் குளிப்போனுக்கு மேலே தோணியில் கயிறு பிடிப்பவன் துணை. ஆயினும் மூச்சு முட்டுவதை உணர்ந்து கயிற்றை அசைக்கவேண்டியவன் குளிப்போனே அல்லனோ? அவன் உறங்கிவிட்டால் கயிறு என் செய்யும்?

நம் நாட்டிற்கு இக்கருவிகள் வேண்டா என்று நான் சொல்ல வரவில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர் தொகை 1,68,491. விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு தமிழ்நாடே முதலிடம் பெற்றது, தொகை 64,105. இவ்வெண்களுக்குப் பின்னால் எத்தனை வீடுகள் இருண்டன! பெரிய பயணியர் வண்டிகளிலும் லாரிகளிலும் தானே பிடிக்கும் பிரேக்கு, உறக்க எச்சரிக்கை முதலியவற்றைக் கட்டாயமாக்க மத்திய அரசு 2025 மார்ச்சில் வரைவு விதி வெளியிட்டது. நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் நம் சாலையில் ஆட்டு மந்தை வரும்; பனையோலை ஏற்றிய வண்டி விளக்கின்றி வரும்; கோடு அழிந்த தார்ச்சாலையில் மணல் மூடியிருக்கும். சீனத் தெருவில் கற்ற கண்ணும், ஜெர்மானியச் சாலையில் கற்ற கண்ணும் இவற்றை நம்மிடமே கற்றாகவேண்டும். கற்பிக்கும் ஆசானாக நாம் இருக்கப் போகிறோமா, வேடிக்கை பார்ப்போராக இருக்கப் போகிறோமா என்பதே வினா.

சில்லாநத்தத்துத் தொழிற்சாலை தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்யும் ஆற்றலுடையது. வின்பாஸ்ட் கம்பெனியே 2017இல் தோன்றியது. அயலாரிடமிருந்து கார் அமைப்பை உரிமம் பெற்று வாங்கித் தொழில் தொடங்கியது. வியட்நாமியர் கற்றது போல் நாமும் கற்கலாம். பொருத்துவதற்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு மகிழ்வதோடு நாம் நின்றுவிடலாகாது. அக்காரின் கேமராவைச் சரிபார்ப்பவன் யார், ராடாரைச் சோதிப்பவன் யார், மென்பொருளின் பிழையைக் காண்பவன் யார் என்றும் கேட்கவேண்டும். நம் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியற் கல்லூரிகளிலும் இப்பாடங்கள் இடம்பெறவேண்டும். கோவையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் இவ்வேலை செய்யும் இளைஞர் பலர் உளர். அது தூத்துக்குடிக்கும் வரத் தடை யாது?

பெற்றோர்க்கு ஒரு சொல். கார்த் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது என்றதும் படிப்பைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். இன்று பையன் செய்யும் வேலையை நாளை ஓர் இயந்திரக் கை செய்யும். அந்த இயந்திரக் கைக்குக் கற்பிக்கும் கணிதம் எவனிடம் உள்ளதோ, அவனுக்கே வேலை நிலைக்கும். பெண்மக்களுக்கும் இது பொருந்தும். இத்தொழிலுக்கு வேண்டுவது உடல் வலிமையினும் கூர்த்த கவனமே.

ஆசிரியத் தோழர்க்கும் ஒரு சொல். வேகம், தொலைவு, காலம் என்னும் பாடத்தை எட்டாம் வகுப்பில் ரயில் கணக்காகவே சொல்லிக் கொடுத்து வருகிறோம். நான் இப்பொழுது சொன்ன பிரேக்குக் கணக்கையும் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். வருங்காலத்தில் கருவி செய்யப்போகும் பிள்ளைக்கு அது வித்து. ஓட்டப்போகும் பிள்ளைக்கு அது காவல். சாலையைக் கடக்கப்போகும் பிள்ளைக்கோ அது உயிர்.

சந்தையில் இடம் யாருக்கும் பட்டயம் எழுதிக் கொடுக்கப்பட்டதன்று. ஜெர்மானியர்க்கு இல்லாத பட்டயம் சீனர்க்கும் இல்லை. நாளை நமக்கும் இராது. கற்பதை நிறுத்தியவன் கையிலிருந்து தொழில் நழுவும். கற்றுக்கொண்டே இருப்பவன் கையில் அது தங்கும். முத்தை இழந்த கரை இந்தப் பாடத்தை இரண்டாம் முறையும் விலை கொடுத்து வாங்கவேண்டுவதில்லை.